ஓயாத கால்களும் உடற்பயிற்சிக் கல்வியும்

வரிசையில் நிற்க மாட்டாமல் ஓடும் சிறுவனே பல வேளைகளில் பந்தைப் பிடிக்கத் தவறும் சிறுவனாகவும் இருக்கின்றான். ஏ.டி.எச்.டி. எனச் சுருக்கமாக வழங்கும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடுடைய பிள்ளைகளுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கைகால் அசைவுகளை ஒருங்கிணைப்பதிலும் இடர்ப்பாடு உண்டு. இவர்களுக்குக் கற்பிக்கும் முறையை அறிஞர் உலகம் எளிதில் கண்டுகொள்ளவில்லை.

1902ஆம் ஆண்டில், இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியில், ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவிற் குறையில்லாத சில குழந்தைகளுங்கூடத் தம்மை அடக்கிக்கொள்ள இயலாதிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். வளர்ப்பின் குற்றம் மட்டுமே இதற்குக் காரணமன்று என்பது அவர் துணிபு. ஆயினும், 'ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை' என்று அவர் இட்ட பெயர் பிள்ளையின் மீதே பழி சுமத்துவதாயிற்று.

1960இல் அமெரிக்கப் பேராசிரியர் நியூவெல் கெப்பார்ட், மெல்லக் கற்கும் மாணவரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உடலசைவே கல்விக்கு அடித்தளம் என்பது அவர் கொள்கை. நடைபலகையில் நடத்தல், டிராம்போலினில் குதித்தல், கரும்பலகையில் வட்டம் வரைதல் ஆகியவற்றால் படிப்பும் திருந்தும் என்று ஆசிரியர் பலர் நம்பினர். 1983இல் கவேல், மாட்சன் என்னும் இருவர் 180 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். படிப்பு உயரவில்லை, அசைவுத் திறனிலும் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. பலகையில் நடப்பது பந்து பிடிக்கக் கற்பிக்காது என்பது தெளிவாயிற்று.

1987இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, ஏ.டி.எச்.டி. என்னும் பெயரையும், அசைவு ஒருங்கிணைப்பு வளர்ச்சிக் குறைபாடு என்னும் பெயரையும் ஒரே பதிப்பில் ஏற்றது. கவனக்குறை வேறு, அசைவுக்குறை வேறு. இரண்டும் ஒரே பிள்ளையிடம் கூடியிருத்தலும் உண்டு.

பின்னர்க் கனடாவில் ஹெலீன் பொலட்டாய்க்கோவும் அவர்தம் துணைவரும் வேறு வழி கண்டனர். எத்திறன் வேண்டுமோ அதனையே நேரே பழக்குதல் அவ்வழி. பிள்ளையே இலக்கைத் தெரிந்து, திட்டமிட்டு, செய்து, சரிபார்க்கின்றான். பந்து பிடித்தல் இலக்கெனில், பெரிய மென்பந்தும் குறுகிய தொலைவும் முதலில் வேண்டும். கட்டளை ஒன்றொன்றாக, சுருக்கமாக அமைதல் நன்று. வரிசை குறுகினால் காத்திருக்கும் வேளை குறையும். கைக்குப் பந்து அடிக்கடி வரும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பந்தைத் தவறவிட்ட பிள்ளையைப் பழிக்குமுன், பிடிக்கும் முறையைப் படிப்படியாகக் கற்பித்தோமா என ஆசிரியர் தம்மையே வினவிக்கொள்ளுதல் கடன்.