சிகரெட் நிறுவனம் கண்டெடுத்த இசை: இந்தியச் சுயாதீனப் பாடலும் அதன் மதிப்புரையாளர்களும்

1970, 1971 ஆகிய ஆண்டுகளின் பெயரைத் தாங்கி வெளியான 'சிம்லா பீட்' இசைத்தட்டுகள் இரண்டும், இந்தியாவின் சுயாதீன இசை வரலாற்றை எழுதப் புகும் எவரும் தாண்டிச் செல்ல முடியாத சான்றுகள். மதராஸின் 'கன்ஃப்யூஷன்ஸ்', ஷில்லாங்கின் 'ஃபென்டோன்ஸ்' முதலிய பல இளைஞர் குழுக்களின் பாடல்கள் அவற்றில் உள்ளன. அக்குழுக்களுள் சிலவற்றின் குரல் இன்று காதில் விழுவதே இத்தட்டுகளால்தான். நாடு தழுவிய போட்டி நடத்தி அவர்களைத் திரட்டியது புகையிலை வணிகத்தில் இருந்த இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம். 'சிம்லா' அந்நிறுவனத்தின் சிகரெட் பெயர்.

இதனை வேடிக்கையான செய்தியாகக் கடந்துவிடுவது எளிது. ஆனால் திரைப்படத்தைச் சாராமல் தாமே பாடல் கட்டிப் பாட முனைந்தவர்களுக்கு அக்காலத்தில் வேறு வாயில் அரிதாகவே இருந்தது. இசைத்தட்டுத் தொழில் பெரும்பாலும் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் ஆலை வைத்திருந்த கிராமபோன் கம்பெனியின் கையில் இருந்தது. அதன் பிழைப்போ திரைப்பாடல். வானொலி அரசினுடையது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடலே அகில இந்திய வானொலியின் தகுதிக்குக் குறைவானது என்று கருதியவர். நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் சாய்ந்த பின்னர், 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டது. திரைப்பாடலும் அரசு அலைவரிசைக்குத் திரும்பியது. இப்பூசலில் செவ்வியல் இசைக்கு ஒரு கட்சியும் திரையிசைக்கு ஒரு கட்சியும் இருந்தன. மின்கித்தாருடன் கல்லூரி மேடையில் நின்ற மாணவன் எந்தக் கட்சியிலும் இல்லை.

புதிய குழு ஒன்று தோன்றியிருக்கிறது என்பதை ஊர் கடந்து அறிவிக்கும் வேலையை ஆகவே அச்சிதழ் ஏற்றது. 1967இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நிறுவனம் 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்' என்னும் இளைஞர் வார இதழைத் தொடங்கியது. பின்னாளில் 'ஜே.எஸ்.' என்ற சுருக்கப் பெயரே நிலைத்தது. ஓவியரும் எழுத்தாளருமான டெஸ்மண்ட் டாய்க் ஆசிரியர். ஜுக் சுரையா போன்றோர் அங்கே எழுதிப் பழகினர். உடை, திரைப்படம், பயணம் ஆகியவற்றோடு இசைக்கும் அதில் பெரிய இடம் இருந்தது. ஆங்கிலம் படித்த நகரத்து இளைஞர்களுக்கு அது ஓர் ஊர்ப்பொதுத் திண்ணை. திண்ணையின் எல்லையும் அதுவேதான். அக்காலக் குழுக்கள் மேலைநாட்டுப் பாடல்களையே மிகுதியாகப் பாடின. மூலத்தை எவ்வளவு ஒத்திருக்கிறது என்ற அளவுகோலுக்கே மேடையில் மதிப்பு. சொந்தப் பாடலை எதனோடு ஒப்பிட்டு எடைபோடுவது என்ற கேள்விக்கு இதழியலும் ஆயத்தமாக இருக்கவில்லை.

1977இல் ஜே.எஸ். நின்றது. அதே ஆண்டில், அதே நகரத்தில், 'மொஹினேர் கோராகுலி' என்ற குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஜீவனானந்த தாசின் கவிதை ஒன்றிலிருந்து எடுத்த பெயர். 'மொஹினின் குதிரைகள்' என்று பொருள். கௌதம் சட்டோபாத்யாயும் அவருடைய தம்பியர், நண்பர்களும் சேர்ந்த இக்குழு, பாவுல் மரபையும் மேலைக் கருவிகளையும் இணைத்து, கல்கத்தாவின் அன்றாடத்தை வங்காளியில் பாடியது. 1977க்கும் 1979க்கும் இடையில் மூன்று தட்டுகள் வந்தன. வரவேற்பு சொற்பம். எண்பதுகளின் தொடக்கத்தில் குழு கலைந்தது.

ஆங்கில இதழ் நீடித்திருந்தால் இக்குழுவைத் தாங்கியிருக்கும் என்று சொல்லத் துணிவது மிகை. தாகூர் பாடலுக்கும் திரைப்பாட்டுக்கும் வங்காளி இதழியலில் நெடுங்காலமாக விமர்சனச் சொற்கள் இருந்தன. பீட் குழுக்களைப் பற்றிப் பேச ஆங்கிலத்தில் சொற்கள் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் விழுந்த ஒரு பாட்டுக்கு இரு பக்கத்திலும் பெயரில்லை. பெயரில்லாததை எவரும் பரிந்துரைக்க இயலாது.

இக்குழுவின் மீட்சியை ஆய்வாளர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். 1995இல் கல்கத்தா புத்தகக் கண்காட்சியை ஒட்டி, 'மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின்' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் இசைத்தொகுப்பு வெளியாயிற்று. பழைய பாடல்களும் புதியவர்களின் பாடல்களும் அதில் கலந்திருந்தன. 'மொஹினேர் கோராகுலி பதிப்பித்தது' என்றே தொகுப்பு குறிக்கப்பட்டது. இசைக்கலைஞர் தம்மைப் பதிப்பாசிரியர் என்று சொல்லிக்கொண்டது தற்செயலான சொல்லாட்சி ஆகாது. தம்மைக் கண்டெடுக்க எவரும் வராத நிலையில், கௌதம் சட்டோபாத்யாய் மற்றவர்களைக் கண்டெடுக்கும் வேலையைத் தாமே எடுத்துக்கொண்டார். அதற்கான வடிவத்தைச் சிறுபத்திரிகையிடமிருந்து கடன் வாங்கினார். இசைத்தொகுப்பை இசைக்கடையைவிடப் புத்தகக் கண்காட்சியோடு இணைத்ததன் பொருத்தமும் இதில் விளங்கும். 1999இல் அவர் மறைந்தார். அத்தொகுப்பில் இடம்பெற்ற ஒரு பாடலின் மெட்டு 2006இல் 'கேங்ஸ்டர்' இந்தித் திரைப்படத்தின் வழியே நாடெங்கும் ஒலித்தது. கேட்டவர்களில் பலருக்கு அதன் பிறப்பிடம் தெரியாது.

இதற்கிடையே வடக்கில் வேறொரு முயற்சி நிகழ்ந்தது. 1993இல் அலகாபாத்திலிருந்து அமித் சைகல் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' இதழைத் தொடங்கினார். பம்பாயில் ரங்கபவன் அரங்கில் 1986 முதல் 'இண்டிபெண்டன்ஸ் ராக்' விழா நடந்து வந்தது. ஷில்லாங், பெங்களூர், கொச்சி எனப் பல ஊர்களிலும் குழுக்கள் இருந்தன. ஓர் ஊர்க்காரர் மற்றோர் ஊரின் குழுவைப் பற்றித் தொடர்ந்து வாசிக்க வழி செய்தது இவ்விதழ். பெருநகரம் அல்லாத ஊரிலிருந்து அது வந்தது என்பது குறிக்கத்தக்கது. 1997இல் இதழின் சார்பிலேயே 'கிரேட் இந்தியன் ராக்' விழா தொடங்கியது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. குழுவைப் பற்றி எழுதுபவரும் மேடை தருபவரும் ஒருவரே. விளம்பரதாரரைத் தேடிச் செல்பவரும் அவரே. இத்தகைய இதழின் மதிப்புரையை நடுநிலையான சான்றாகக் கொள்ள முடியுமா? முடியாது என்பதே நேர்மையான விடை. ஆனால் அதனால் அதைத் தள்ளிவிடவும் இயலாது. நடுநிலை விமர்சகர் என்பவர் சந்தை உருவான பின் தோன்றுகிறவர். சந்தையே இல்லாத இடத்தில் முதலில் எழுதுகிறவர், எழுதப்படும் பொருள் அழியாமல் இருக்க வேண்டும் என்ற கவலையோடுதான் எழுதுவார். சிம்லா பீட் தட்டைச் சிகரெட் விளம்பரமாகவும் இசைச் சான்றாகவும் சேர்த்துப் படிப்பதைப்போலவே இவ்விதழையும் படிக்க வேண்டியிருக்கிறது. சைகல் 2012 ஜனவரியில் கோவாவில் காலமானார்.

அதன்பின் வாயில்கள் பெருகின. ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு 2008இலும், ஸ்பாட்டிஃபை 2019இலும் வந்தன. பிரதீக் குஹாட்டின் ஆங்கிலப் பாடல் ஒன்று 2019இன் இறுதியில் பராக் ஒபாமாவின் விருப்பப் பட்டியலில் இடம்பெற்றபோது, இந்திய நாளேடுகள் அதனைத் தலைப்புச் செய்தியாக்கின. டெல்லியில் வாழும் பாடகரை டெல்லி நாளேட்டுக்கு அறிமுகம் செய்ய முன்னாள் அமெரிக்க அதிபர் தேவைப்பட்டார்! பட்டியலில் காரணம் எதுவும் எழுதப்படுவதில்லை. மதிப்புரையில், தவறாகவேனும், காரணம் ஒன்று இருக்கும். அது எழுதியவரின் காலத்தையும் செவியையும் காட்டிக்கொடுக்கும்.

தொண்ணூறுகளின் குழுக்கள் இதழ்களுக்கும் விழாக்களுக்கும் அனுப்பிய மாதிரிப் பாடல்கள் பெரும்பாலும் கேசட்டில் பதிந்தவை. காந்தப் பூச்சு உதிர, ஈரத்தில் பூஞ்சை படர, அவற்றில் பல இன்று ஓடாது. அவற்றைப் பற்றி அச்சான நான்கைந்து வரிகள், பழைய இதழ்களைக் கட்டிவைத்திருக்கும் சில வீடுகளின் பரண்களில் இருக்கின்றன.