மணிமங்கலத்து முதுகு

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே செல்லும் சாலையில், ஏரிப் பாசன வயல்கள் வீட்டு மனைகளாக மாறிக்கொண்டிருக்கும் பிரதேசத்தின் நடுவே அமைந்த மணிமங்கலம், பேருந்தில் போகிறவர் பலருக்கு ஒரு நிறுத்தத்தின் பெயராக மட்டுமே தெரிந்திருந்தாலும், பல்லவர் சரித்திரம் படித்தவர்களுக்கு ஓர் அரசனுடைய முதுகை நினைவூட்டும் ஊராகும். காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் செப்பேடு, அவன் பாட்டனான நரசிம்மவர்மன் மணிமங்கலம் முதலிய களங்களில் சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியைப் புறங்காட்டி ஓடச் செய்து, அப்படிக் கண்ணுக்குத் தெரிந்த முதுகையே பட்டயமாகக் கொண்டு அதில் வெற்றியின் எழுத்துகளைப் பொறித்தான் என்று வருணிக்கிறது. அதன் பின் 642ஆம் ஆண்டளவில் வாதாபியே பல்லவர் வசமாயிற்று.

இதே புலிகேசியின் புகழைப் பாடும் 634ஆம் ஆண்டின் ஐகோளே சாசனமோ, நரசிம்மவர்மனின் தந்தையான மகேந்திரவர்மன், சளுக்கியப் படை எழுப்பிய புழுதியில் ஒளி மங்கிக் காஞ்சியின் மதிலுக்குள் மறைந்தான் என்று ஏளனம் செய்கிறது. ஆனால் மதிலுக்குள் சென்ற அந்த மகேந்திரவர்மனே புள்ளலூரில் பகைவரை முறியடித்தான் என்பது காசாக்குடிச் செப்பேட்டின் கூற்று. ஓடினவன் வேறு, ஒதுங்கினவன் வேறு என்பதை வெற்றி பெற்றவர்களின் புலவர்கள் ஒருபோதும் ஒத்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு முதுகு தெரிந்தால் போதும்.

பழந்தமிழ் மரபும் முதுகை எளிதில் மன்னித்ததில்லை. வெண்ணிப் போர்க்களத்தில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் துறந்தான். அந்த மரபில் வந்த வள்ளுவரோ, காலமறிதல் என்னும் அதிகாரத்தில், ஊக்கமுடையவன் ஒடுங்கியிருப்பதை முட்டுவதற்காகப் பின்னே நகரும் ஆட்டுக்கடாவின் செயலோடு ஒப்பிட்டுச் சொன்னார். அந்தக் கடாவும் பின்னால்தான் போகிறது. ஆயினும் அதன் கொம்பு பகைவன் பக்கமே இருக்கிறது.

பின்வாங்குதலுக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்னும் கேள்வியைப் புலவர்களைக் காட்டிலும் நிதானமாக ஆராய்ந்தவர்கள் பலகையாட்டங்களை வகுத்தவர்கள் என்பது என் அபிப்பிராயம். சதுரங்கத்தில் காலாளுக்குப் பின்னால் வரும் வழியே கிடையாது. நம் நாட்டு முறையிலோ, அதுவரை ஒரு முறையும் முற்றுகை கேளாத ராஜாவுக்கு மட்டும் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவி விலகும் சலுகை உண்டு. ஆனால் இந்த விஷயத்தை அடிவரை கண்டது, மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் இருபத்து மூன்று சந்திகளில் மோதுகின்ற ஆடுபுலி ஆட்டமே. அதில் புலி ஓர் ஆட்டை வெட்ட வேண்டுமானால், அந்த ஆட்டுக்கு நேர் பின்னே ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். ஆகையால் ஆடுகளை வைத்து ஆடுகிறவர், எந்த ஆட்டை எங்கே நகர்த்துவது என்பதைவிட, நகர்ந்த ஆடு விட்டுச் சென்ற இடம் எந்தத் தோழனின் முதுகுக்குப் பின்னால் திறந்து கிடக்கிறது என்பதையே முதலில் பார்க்கிறார். எல்லா ஆடுகளையும் பலகையில் இறக்கி முடியும் வரை ஒன்றையும் நகர்த்தக் கூடாது என்ற நிபந்தனையும் இருப்பதால், ஆரம்பத்தில் அவசரப்பட்டு வைத்ததன் பலனை வெகுநேரம் அனுபவித்தே தீர வேண்டும். புலி தோற்பது வெட்டுப்பட்டு அல்ல. விலகிப் போக ஒரு சந்தியும் இல்லாமல் அடைபட்டுத்தான். தாக்குகிறவனுக்கும் பின்வழி அவசியம் என்ற இந்தப் பாடத்தைச் சேனாபதிகள் பலர் களத்தில்தான் கற்றார்கள்.

1780ஆம் ஆண்டு நிகழ்ந்ததைப் பார்ப்போம். ஹைதர் அலி பெரும் படையோடு, அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டுச் சீமையில் இறங்கியபோது, பக்சார் வெற்றியால் பெயர் பெற்றிருந்த சர் ஹெக்டர் மன்றோ பரங்கிமலையில் சேனையைத் திரட்டி ஆகஸ்டு மாதக் கடைசியில் காஞ்சிபுரம் சென்று இறங்கினார். வடக்கே குண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லியின் படை அங்கே அவரோடு சேர்வதாக ஏற்பாடு. இடையில் திப்பு மறித்தார். மன்றோ அனுப்பிய உதவிப் படை பெய்லியை எட்டிவிட்ட பின்பும், இரவோடு இரவாகப் போய்ச் சேர்ந்துவிடாமல் பெய்லி வழியில் தங்கினார். செப்டம்பர் 10ஆம் தேதி காலையில், மகேந்திரவர்மன் வென்றதாகச் செப்பேடு சொல்லும் அதே புள்ளலூரில், நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான அந்தப் படையை மைசூர்ச் சேனை வளைத்துக்கொண்டது. நான்கு புறமும் முகம் காட்டிச் சதுரமாக நின்று போரிட்டார்கள் என்றாலும், வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்த பிறகு அந்தச் சதுரம் நிலைக்கவில்லை. விலகிப் போகச் சந்தி இல்லாமற் போயிற்று. சிறைப்பட்ட பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார்.

சில கல் தொலைவில் இருந்தும் உரிய நேரத்தில் உதவாமற்போன மன்றோ, மறுநாள் தம்முடைய கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகப் பரங்கிமலைப் பக்கம் திரும்பினார். வழியெல்லாம் ஹைதரின் குதிரைப்படை பின்னணியைக் கடித்துக்கொண்டே வந்தது. இன்று மின்சார ரயில் வண்டலூர், தாம்பரம், பல்லாவரம் என்று நின்று நின்று வருகிற அந்தத் திசையில், அன்று ஒரு சேனை முதுகைக் காத்துக்கொண்டு நகர்ந்து வந்தது. சென்னையில் அவருக்குக் கிடைத்தது பழிச்சொல்தான். ஆயினும் அடுத்த ஜனவரியில் சர் அயர் கூட் ஹைதரை எதிர்த்துப் புறப்பட்டபோது, அவரிடம் புறப்படுவதற்கு ஒரு படை இருந்தது.

அதே 1780இல், ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரத்தில் ஹெல்விக் என்னும் கணித ஆசிரியர், சதுரங்கத்தை ஆதாரமாக வைத்து, கட்டங்களின் நிறத்தால் மலையையும் ஆற்றையும் குறிக்கும் பெரிய யுத்த விளையாட்டு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். 1824இல் பிரஷ்யாவின் இளைய ரைஸ்விட்ஸ் அந்த வகை ஆட்டத்தை வரைபடத்துக்கு மாற்றி, பகடையையும் நடுவரையும் அதில் அமர்த்தினார். அந்த வம்சத்தின் கடைக்கோடியில் 1974இல் அமெரிக்காவில் பிறந்ததுதான், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இயற்றிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. சேனைக்குப் பதில் ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்று மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ஆட்டம்.

அதன் 1981ஆம் ஆண்டுப் பதிப்பு பின்வாங்குதலை இரண்டாகப் பிரித்தது. பகைவனைப் பார்த்தபடியே, வழக்கமான வேகத்தில் பாதிக்கு மேற்படாமல் பின்னால் அடி வைப்பவனுக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் வேகமாக ஓடுபவனுக்கோ, கேடயம் கணக்கில் சேராது என்பதோடு, அவனை அடிப்பவனின் பகடை எண்ணில் இரண்டு கூடும். வள்ளுவரின் கடாவும் மணிமங்கலத்து முதுகும் இந்த இரண்டு விதிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு, பகைவனின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து அஜாக்கிரதையாக நகர்பவன்மீது ஓர் இலவச வெட்டை அனுமதித்து, ஐந்தடி மட்டும் நகர்பவனை மன்னித்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பிலோ, அந்த முறைக்குரிய செயலை விலகுவதற்கென்றே செலவிட்டால், முழு வேகத்தில் ஒரு வெட்டும் படாமல் போய்விடலாம். ஆடுவதற்கு இது சௌகரியம். மன்றோவின் பின்னணிப் படையினர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

எனக்குப் பழைய விதிகளில் பிடித்தது வேறொன்று. ஓடுகிறவர்கள் துரத்துவோரின் கவனத்தைத் திருப்ப, மிருகமானால் உணவையும் அறிவுள்ள பகைவனானால் பொருளையும் வழியில் போட்டுவிட்டுப் போகலாம். அதற்கு அவர்கள் நிற்பார்களா என்பதற்குப் பகடையில் சரிபாதி வாய்ப்பு. தம் பீரங்கிகளைப் பகைவன் கையில் கிடைக்கும்படி சாலையில் போடாமல் குளத்து நீரில் ஆழ்த்திய மன்றோவுக்கு அந்தப் பாதி வாய்ப்பும் இல்லை. ஹைதரின் குதிரைகள் நிற்கவுமில்லை.