புத்தளக் கடற்காற்றும் அதன் உரிமையாளரும்: தில்லையடியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மாலைதீவிலிருந்து மாபாருக்குப் புறப்பட்ட இபுனு பதூதாவின் கப்பல், 1344ஆம் ஆண்டிலே, காற்றின் போக்கினால் வழிமாறி இலங்கைக் கரையை அடைந்தது. அவர் ‘பத்தாலா’ எனக் குறித்த துறையைப் புத்தளம் என்றே ஆய்வாளர் பலரும் கொள்வர். அங்கு ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதையும், வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையிற் குவிந்து கிடந்ததையும் அவர் எழுதிவைத்துள்ளார். புத்தளத்தின் வரலாற்றுக்குக் கிடைத்த பெறுமதிமிக்க சான்றொன்றை நமக்குத் தந்தது ஒரு காற்று என்பதை நினைவிற் கொண்டு, அதே காற்றின் வேறொரு வரலாற்றை ஈண்டு நோக்குவோம். கடலில் வீசும் காற்றை மின்வலுவாக மாற்றும் பெருந்திட்டங்கள் பற்றி இன்று பேசப்படுகின்றது. அப்பேச்சு எழுதாத தாளிலே தொடங்கவில்லை.

தில்லையடி புத்தளம் நகரை அடுத்து, களப்பின் கிழக்குக் கரையோரமாக அமைந்த ஊர். தமிழ்நாட்டிலே வள்ளியம்மையால் புகழ்பெற்ற தில்லையாடியோடு இதனை மயங்குதல் கூடாது. தில்லை என்பது உவர்நீர்க் கரைகளில் வளரும் மரம்; அதன் பால் கண்ணிற் பட்டாற் பார்வைக்குக் கேடு. அம்மரத்தின் அடி என்பதே ஊர்ப்பெயரின் பொருள் எனக் கொள்வது இயல்பாகும். மேற்கே களப்பு, களப்புக்கு அப்பால் கற்பிட்டிக் குடாநாடு, அதற்கும் அப்பால் மன்னார் வளைகுடாவின் தென்பகுதி. களப்பு ஏறத்தாழ 300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடையதாயினும் பெரும்பகுதி ஓரிரு மீற்றர் ஆழமே உடையது. கடலோடு அது கலப்பது வடக்கிலே மட்டும்.

யாழ்ப்பாணத்தார் சோளகம் என்றும் மட்டக்களப்பார் கச்சான் என்றும் சொல்லும் தென்மேற்காற்று இக்கரையில் மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர்வரை ஓயாது வீசும். கொழும்புக்கும் மலைநாட்டின் மேற்குச் சரிவுக்கும் மழையைக் கொடுக்கும் அக்காற்று, புத்தளத்துக்கு மழையைக் கொடுப்பதில்லை, வறட்சியையே கொடுக்கும். அதனாலேதான் இங்கு உப்பு விளைந்தது. உப்பு வெயிலின் விளைவு என்று பொதுவாகச் சொல்வர். பாத்தியின் மேல் தேங்கும் ஈரத்தை அள்ளிச் செல்லும் காற்று இல்லையேல் வெயில் மட்டும் அவ்வளவு விரைவில் நீரை வற்றச் செய்யாது. பாலாவி உப்பளங்களில் காற்றும் ஒரு கூலியாள். கூலி கேளாத ஆள். அக்கூலியாளின் உழைப்பை ஒல்லாந்தர் தமது தனியுரிமையாக்கிக் கொண்டனர். பின்வந்த பிரித்தானியரும் அவ்வழியே சென்றனர். தன் வளவுக்கு அருகே தானாக விளைந்த உப்பை அள்ளிய குடியானவன் குற்றவாளியானான்.

உப்புக்கு அடுத்து முத்து. புத்தளத்துக்கு வடக்கே, சிலாவத்துறைக்கு எதிரேயுள்ள ஆழங்குறைந்த கண்டமேடையிலே முத்துச்சிப்பிப் பார்கள் இருந்தன. சலாபம் குளிக்கப்பட்டது பெரும்பாலும் பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், இரு பருவக்காற்றுகளும் ஓய்ந்திருக்கும் காலத்தில். 1905ஆம் ஆண்டுச் சலாபம் அரசுக்குப் பெருவருவாய் ஈட்டிக் கொடுத்தது. அவ்வருவாயைக் கண்டு எழுந்த ஆசையினால் 1906ஆம் ஆண்டில் முத்துப்பார்கள் இலண்டனில் அமைந்த ஒரு கம்பெனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907இன் பின்னர் பார்களிலே குளிக்கத்தக்க சிப்பி இல்லை. கம்பெனியும் தவணை முடியுமுன்னரே கலைந்தது. இந்நிகழ்ச்சியை விஞ்ஞானிகள் சிப்பியின் வரலாறாகவே எழுதினர். கடலின் ஒரு பகுதியை நீண்ட தவணைக்கு எழுதிக் கொடுத்த வரலாறாக அதனைப் படித்தோர் மிகச் சிலரே. கடற்காற்றுத் திட்டங்களும் இதே ஆழங்குறைந்த மேடையையே நாடுவதால், அப்பழைய ஏட்டை மீண்டும் புரட்டுவது வீண்வேலையாகாது.

கடலில் காற்றுச்சுழலிகளைத் தொகுதியாக நாட்டும் முயற்சி டென்மார்க்கிலே தொடங்கியது. 1991ஆம் ஆண்டில் விண்டபி என்னும் இடத்திற்கு அருகே 11 சுழலிகள் கடலில் நிறுத்தப்பட்டன; ஒவ்வொன்றும் 450 கிலோவாற்று. கால் நூற்றாண்டு இயங்கியபின் 2017இல் அவை முற்றாக அகற்றப்பட்டன. 2002இல் அந்நாட்டின் ஹோர்ன்ஸ் றெவ் 160 மெகாவாற்றுடனும், 2013இல் இங்கிலாந்தின் லண்டன் அறே 630 மெகாவாற்றுடனும் எழுந்தன. பின்னர் வந்தவை ஆயிரம் மெகாவாற்றைக் கடந்தன. கடலடியில் ஊன்றிய தூணின்மேல் சுழலியை நிறுத்துவது ஐம்பது அறுபது மீற்றர் ஆழம்வரையே பொருளாதாரத்துக்கு இசைவது. அதற்கு அப்பால் மிதக்கும் மேடை வேண்டும், செலவும் ஏறும். கற்பிட்டிக்கு மேற்கே சில கிலோமீற்றரிலேயே கடல் ஆழ்ந்துவிடுகின்றது. வடக்கே மன்னாரை நோக்கி மேடை விரிந்து செல்கின்றது. ஆகவே திட்டம் எங்கே அமையும் என்பதை ஓரளவு கடலடியே தீர்மானித்து வைத்துள்ளது எனலாம்.

இலங்கையில் காற்றுமின் முயற்சி தரையிலே தொடங்கியது. 1999இல் அம்பாந்தோட்டையில் 3 மெகாவாற்று முன்னோடி நிலையம் அமைந்தது. புத்தளத்துக்கு அது 2010இல் வந்தது. மாம்புரியிலும், களப்பின் கரையிலே சேகுவன்தீவு, விடத்தமுனை ஆகிய இடங்களிலும் சுழலிகள் எழுந்தன. இறுதியாகக் கூறிய இரு நிலையங்களும் சேர்ந்து 25 சுழலிகள், 20 மெகாவாற்று. மறுகரையான தமிழ்நாட்டிலே, தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் 1986லேயே காற்றாலைகள் சுழன்றன. கால் நூற்றாண்டு நாம் பிந்திவிட்டோம்.

2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய ஆய்வுகூடமொன்று வெளியிட்ட காற்றுவள வரைபடத்தொகுதி, இலங்கைத் தரையில் ஏறத்தாழ 20,000 மெகாவாற்றும், களப்புகளையுஞ் சேர்த்தால் 24,000 மெகாவாற்றும் நிறுவ வாய்ப்புண்டு எனக் கணித்தது. அந்த இடைவெளியான நாலாயிரம் களப்புகளின் பங்கு. களப்பு அங்கே காற்று வீசும் வெறும் பரப்பாகக் கணக்கிற் சேர்ந்துள்ளது. அங்கே இறால் படுவதும், கண்டலடியில் நண்டு பிடிப்பதும், கச்சான் காலத்திலே வெளிக்கடல் செல்லமுடியாத வள்ளங்கள் அங்கே தஞ்சம் புகுவதும் வரைபடத்துக்குரிய செய்திகள் அல்ல. உலக வங்கிக் குழுமம் 2023இல் வெளியிட்ட அறிக்கை கடலுக்குரிய வாய்ப்பை 56,000 மெகாவாற்று என மதிப்பிட்டது. நாட்டின் உச்ச மின்தேவை மூவாயிரம் மெகாவாற்றை எட்டாதிருந்த ஆண்டிலே இத்தொகை மலைக்க வைப்பது. இது கட்டப்படப்போகும் அளவன்று, தொழில்நுட்ப எல்லை மட்டுமே என்பதைச் செய்தித்தாள்கள் பலவேளைகளில் மறந்துவிடுகின்றன.

தேவை இல்லை என்று யாரும் வாதாட முடியாது. 2022 மார்ச்சு முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நிலவியது. இறக்குமதி எரிபொருளுக்குக் கொடுக்க வெளிநாட்டு நாணயம் இல்லாமையே காரணம். நுரைச்சோலை அனல்மின் நிலையமோ, 2011இலிருந்து 2014வரை மூன்று கட்டங்களாக 900 மெகாவாற்றளவிற்கு வளர்ந்தது, வெளிநாட்டு நிலக்கரியையே உண்பது. அதனிடத்தில் ஒரு விசித்திரம் உண்டு. தென்மேற்காற்றுக் காலத்திலே கடல் கொந்தளிப்பதால் நிலக்கரிக் கப்பல்களிலிருந்து சரக்கை இறக்க முடிவதில்லை. ஆண்டின் அமைதியான மாதங்களில் இறக்கிக் குவித்து வைத்தே எஞ்சிய மாதங்களை ஓட்டுகின்றனர். எக்காற்று நிலக்கரியைத் தடுக்கின்றதோ, அக்காற்றே அவ்விடத்தில் மின்னைத் தரவல்லது!

இனி மீனவர் நிலை. சுழலிக்கு உகந்த காலமும் வெளிக்கடல் மீன்பிடிக்கு உகந்த காலமும் வேறு வேறானவை. ஆதலால் இரண்டுக்கும் மோதலில்லை என்று வாதிடுவோர் உளர். கேட்கும்போது பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் தூண்களை அறைவதும் கடலடி வடங்களைப் பதிப்பதும் கொந்தளிக்கும் கடலில் இயலுமா? கட்டுமானக் கப்பல்கள் ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையிலேயே வரவேண்டும். அதுவே வள்ளங்கள் வெளியே செல்லும் காலம். நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து மீனவர் குடும்பத்தோடு கற்பிட்டித் தீவுகளுக்கு வந்து வாடி அமைக்கும் காலமும் அதுவே. முத்துக்குளிப்பின் நாட்காட்டியும் இதற்கு அயலானதன்று. மோதல் சுழலும் காலத்தில் அன்று, நாட்டும் காலத்திலே பிறக்கும்.

தில்லையடியிலிருந்து இதனை நோக்குவதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். புத்தளத்து மக்கள் தம் வளவுகளிலும் பள்ளிவாசல்களிலும் இடங் கொடுத்தனர். தில்லையடி அவ்வாறு பெருகிய ஊர்களுள் ஒன்று. வந்தோரிற் கடற்றொழிலர் களப்பிலே தொழில் தேடியபோது, முன்பே வலைவீசி வந்தோரின் பங்கு குறைந்தது. இருசாராரும் அதனைத் தாங்கிக்கொண்டனர். இப்பகுதிக்கு அதன்பின் வந்தது அனல்மின் நிலையம். பின்னர் அறுவைக்காட்டிலே கொழும்பின் குப்பை. குப்பையை எதிர்த்து 2018, 2019இல் புத்தளத்தார் வீதிக்கு வந்ததை இவ்வரிசையில் வைத்தே விளங்கிக்கொள்ள வேண்டும்.

மன்னாரிலே, 30 சுழலிகளும் 100 மெகாவாற்றும் கொண்ட ‘தம்பபவனி’ தரைமேல் எழுந்தது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்று அமைக்க எண்ணிய அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. அதே ஆண்டு ஓகஸ்டில் தீவு மக்கள் மேலும் சுழலிகள் வேண்டாமெனப் போராடினர். இப்போராட்டங்களின் பின்னர், சுழலிகளைக் கடலுக்குள் தள்ளிவிட்டால் எதிர்ப்பு ஒழியும் என்ற எண்ணம் சிலரிடம் தோன்றலாம். கடலில் ஆளில்லை என்ற நினைப்பே அதற்கு அடிப்படை.

ஆனாற் கடலுக்குப் பெயர்கள் உண்டு. கரைவலை இழுக்கும் ஒவ்வொரு துண்டுக் கரையும் ஒரு ‘பாடு’. இன்னாருடைய பாடு என்பதை ஊரும் அறியும், மீன்பிடித் திணைக்களமும் பதிந்து வைத்துள்ளது. கடலில் உண்டாகும் மின் கரையேற வேண்டிய இடம், ஏற்கெனவே 220 கிலோவோற்று மின்வழி அமைந்துள்ள நுரைச்சோலையின் அயலாகவே இருக்கக்கூடும். அங்கே வடம் கரையேறுமாயின் அது யாருடைய பாட்டின் ஊடாக ஏறும் என்பதை அப்பதிவேட்டைத் திறந்தே அறியலாம்.