முகாம் என்றொரு சொல்

2017 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மூன்று வாரங்கள் கனடாவில் தங்கியிருந்தேன். ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் சின்னம்மாவின் மகளுடைய வீடு. தங்கையும் அவருடைய கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். அங்கே பாடசாலைகள் யூன் மாத இறுதியில் மூடப்பட்டால் செப்டெம்பர் முதல் வாரத்திலேதான் மீண்டும் திறக்கும். எட்டு வயது மருமகனை அந்த இரண்டு மாதங்களும் யார் பார்த்துக்கொள்வது? அவன் நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு, நடந்துசெல்லும் தூரத்திலுள்ள சமூக நிலையத்தில் நடைபெறும் கோடைகாலப் பகல் முகாமுக்குச் சென்று மாலை நான்கு மணிக்குத் திரும்புவான். நீச்சல், பந்து விளையாட்டு, படம் வரைதல், பாட்டு, வாரத்தில் ஒரு நாள் பேருந்தில் எங்காவது பயணம் என்று அவனுடைய நாட்கள் மகிழ்ச்சியாகவே கழிந்தன.

சின்னம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்த மறுநாளே என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்: "ஏன் தம்பி, பள்ளிக்கூடந்தானே பூட்டினது? பிறகென்னத்துக்குப் பிள்ளையைக் காம்புக்கு அனுப்பீனம்?"

'காம்ப்' என்ற அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது அவருடைய குரல் தாழ்ந்ததற்கான காரணம் எனக்குத் தெரியும். அதனைப் பின்னர் சொல்கிறேன். அன்றிரவு, இந்தப் பிள்ளைகளின் முகாம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். பத்திரிகைக்காரனுக்குத் தூக்கம் வராவிட்டால் செய்வதற்கு வேறென்ன இருக்கிறது? அந்தத் தேடலில் அறிந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

போரைப் பார்த்துப் பிறந்த விளையாட்டு

அமெரிக்காவில் பிள்ளைகளுக்கான முதலாவது முகாம் எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது 1861 ஆம் ஆண்டில் நடைபெற்றது. கனெக்ரிகட் மாநிலத்தின் வாஷிங்ரன் என்னும் சிற்றூரில் பிரெடெரிக் வில்லியம் கன் என்பவர் ஒரு பாடசாலையை நடத்திவந்தார். அடிமை முறையைத் தீவிரமாக எதிர்த்தவர் அவர். அந்த ஆண்டின் ஏப்ரல் மாதத்திலேதான் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. படைவீரர்களைப் போலத் தாங்களும் அணிவகுத்துச் செல்லவேண்டும், கூடாரத்தில் உறங்கவேண்டும் என்று மாணவர்கள் ஆசைப்பட்டார்கள். கன்னும் அவருடைய மனைவி அபிகேலும் அவர்களை ஏறத்தாழ 40 மைல் தூரம் நடத்திக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றனர். அங்கே இரண்டு வாரங்கள் கூடாரமடித்து, மீன்பிடித்து, படகோட்டித் திரும்பினார்கள்.

ஆக, கோடைகால முகாமின் தொடக்கம் போரைப் பார்த்துப் பிள்ளைகள் ஆடிய விளையாட்டு. கூடாரமும் அணிவகுப்பும் படையிடமிருந்து வந்தன. முகாம் என்ற பெயரும் அங்கிருந்தே வந்தது. 1907 ஓகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் இருபது சிறுவர்களுடன் சாரணிய இயக்கத்துக்கு வித்திட்ட பேடன் பவலும் படைத் தளபதிதான். தென்னாபிரிக்கப் போரில் மபெக்கிங் நகர் முற்றுகையைத் தாங்கி நின்று புகழ்பெற்றவர். வசதிபடைத்தோர் கல்லூரிகளின் மாணவர்களையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையும் அவர் ஒரே கூடாரவரிசையில் தங்கவைத்தார் என்பது அக்கால இங்கிலாந்தில் சிறிய செய்தியன்று.

வெப்பமும் நோயும் ஒரு பத்திரிகையும்

மேற்குநாடுகளின் நீண்ட கோடை விடுமுறை, பிள்ளைகள் வயலில் வேலை செய்வதற்காக விடப்பட்டது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது முற்றிலும் சரியன்று. கமக்காரர்களுக்கு ஆள் தேவைப்பட்டது வசந்தத்தில் விதைப்புக்கும் இலையுதிர்காலத்தில் அறுவடைக்கும். கோடையில் பாடசாலைகளை மூடவேண்டிய தேவை நகரங்களிலேயே கூடுதலாக எழுந்தது. காற்றோட்டமற்ற வகுப்பறைகளின் வெப்பமும், கோடையில் பரவும் தொற்றுநோய் பற்றிய அச்சமும், வசதியுள்ளோர் குடும்பத்தோடு நகரைவிட்டு வெளியேறும் வழக்கமும் அதற்குக் காரணங்களாயின. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஏரிக்கரைக்கும் மலைப்பகுதிக்கும் போனது. ஏழை வீட்டுப் பிள்ளை நெருக்கமான குடியிருப்பின் வாசலிலும் தெருவிலும் நின்றது.

அந்தப் பிள்ளைகளை முதலில் நினைத்தவர்களுள் ஒருவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த மதபோதகர் வால்ற்றர் பியோன். அவர் 1876 இல் சூரிச் நகரின் வறிய குடும்பங்களைச் சேர்ந்த 68 பிள்ளைகளை அப்பென்செல் மலைநாட்டுக்கு அழைத்துச் சென்றார். மறு ஆண்டு, 1877 இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வில்லாட் பாசன்ஸ் என்ற மதபோதகர், நியூயோர்க் நகரின் ஏழைப் பிள்ளைகளைக் கோடையில் சில நாட்கள் வீட்டில் வைத்திருக்குமாறு தம்முடைய கிராமத்துச் சபையினரைக் கேட்டுக்கொண்டார். தூய காற்று நிதியம் என்ற பெயரில் அது வளர்ந்தது. சில ஆண்டுகளில் 'நியூயோர்க் ரிபியூன்' பத்திரிகை அதன் பின்னால் நின்றது. காசநோய்க் கிருமியை றொபேட் கொக் கண்டறிந்தது 1882 இல். அதற்கான பயனுள்ள மருந்து கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகள் சென்றன. இடையிலிருந்த காலத்தில் நல்ல காற்று, வெயில், பால், ஓய்வு என்பவற்றையே மருத்துவர்கள் நம்பியிருந்தனர். கூடாரத்தை அக்காலத்தவர் மருந்தாகவே கண்டார்கள்.

ரொறன்ரோவிலும் ஒரு பத்திரிகையே இதனைச் செய்தது என்பதை அறிந்தபோது எனக்குள் ஒரு பெருமிதம் எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. 'ரொறன்ரோ ஸ்ரார்' பத்திரிகையின் ஜோசப் அற்கின்சன் 1901 இல் தூய காற்று நிதியத்தைத் தொடங்கினார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து, தொழிலாளர்களுக்கு உணவும் தங்குமிடமும் அளித்துப் பிழைத்த தாயால் வளர்க்கப்பட்டவர் அவர். வாசகர்கள் அனுப்பிய நன்கொடையில் நகரத்து ஏழைப் பிள்ளைகள் முகாம்களுக்குச் சென்றார்கள். அந்த நிதியம் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் தொடர்ந்தது. வதிவிட முகாம்களோடு பகல் முகாம்களுக்கும் அது உதவியது. ஸ்காபரோவின் எத்தனையோ குடிவரவாளர் பிள்ளைகள், எமது பிள்ளைகள் உட்பட, நுழைந்த கதவைத் திறந்துவைத்தவர்கள் இவர்களைப் போன்றவர்களே.

பகல் முகாமின் வரலாறு வதிவிட முகாமினுடையதைவிட அடக்கமானது. அதன் முன்னோடிகளில் ஒன்றைப் பொஸ்டன் நகரில் காணலாம். பேர்லின் பூங்காக்களில் பிள்ளைகள் விளையாடுவதற்கென மணல் குவித்து வைத்திருந்ததை மருத்துவர் மரீ ஸக்ஷெவ்ஸ்கா கண்டார். அவருடைய யோசனைப்படி 1885 இல் பொஸ்டனின் ஏழைகள் வாழும் பகுதியில் ஒரு மணற்குவியல் அமைக்கப்பட்டது. பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் பகலில் விளையாடிவிட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். நகரப் பாடசாலைகளின் விடுமுறை வகுப்புகளும், தேவாலயங்களின் விடுமுறை வேதாகமப் பாடசாலைகளும் இதே வழியில் வந்தவை. யாழ்ப்பாணத்தில் நான் சிறுவனாக இருந்தபோது எமது ஊர்த் தேவாலயத்திலும் அத்தகைய பாடசாலை நடந்தது. சைவப் பிள்ளைகளான நாங்களும் பாட்டுக்காகவும் பணிஸுக்காகவும் போய் அமர்ந்திருக்கிறோம். பெற்றோர் தடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பெரியவர்களின் நோக்கம்

முகாம்களை வெறும் தருமமாக மட்டும் பார்ப்பது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. ஒவ்வொரு முகாமின் பின்னாலும் பெரியவர்களின் ஒரு நோக்கம் இருந்தது. குடிவரவாளர் பிள்ளைகளை அமெரிக்கர்களாக்கவேண்டும் என்று சிலர் எண்ணினார்கள். யூதப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த முகாம்கள் பல இருந்தன. நியூயோர்க்கின் யூத சமூகம் 1902 இல் சப்பிரைஸ் லேக் முகாமைத் தொடங்கித் தன் பிள்ளைகளைத் தானே அழைத்துச் சென்றது. சோவியத் நாடு 1925 இல் கிரிமியாக் கடற்கரையில் ஆர்ட்டெக் முகாமைக் காசநோயால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் திறந்தது. பின்னர் அது அரசின் கொள்கையைப் பிள்ளைகளுக்கு ஊட்டும் இடமாகவும் ஆயிற்று. இதற்கு நேர்மாறாக, பகைநாட்டுப் பிள்ளைகள் ஒன்றாக உண்டு உறங்கினால் பகை குறையும் என்று நம்பியவர்களும் உண்டு. 1993 இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இஸ்ரேலிய, பலஸ்தீன, எகிப்திய இளைஞர்களைக் கூட்டிய முகாம் அந்த நம்பிக்கையில் எழுந்தது.

நோக்கம் எதுவாயினும் பெற்றோரின் கேள்வி ஒன்றுதான்: என் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கிறேன், அவன் திரும்பி வருவானா?

எங்கள் மண்ணில் அச்சொல்

இலங்கைக்குச் சாரணியம் 1912 இல் மாத்தளைக்கு வந்தது. 1980 வாக்கில் நானும் குருளைச் சாரணனாக இருந்தேன். பாடசாலை மைதானத்தில் கூடாரமடித்து ஓர் இரவு தங்கினோம். அரைவேக்காட்டுச் சோற்றைப் பருப்போடு பிசைந்து உண்டோம். அந்த நாட்களில் முகாம் என்றால் எமக்கு அதுதான்.

சில ஆண்டுகளுக்குள் அச்சொல் எங்கள் கைகளிலிருந்து பறிபோய்விட்டது. 1983 க்குப் பின்னர் முகாம் என்றால் அகதி முகாம். காம்ப் என்றால் ஆமிக் காம்ப். இயக்கங்களின் பயிற்சி முகாம்களும் இருந்தன. பாடசாலைக்குப் போன பிள்ளையை இயக்கம் கொண்டுபோய்விடுமோ என்று அஞ்சிய தாய்மாரையும் நான் அறிவேன். 2006 ஓகஸ்ட் 14 ஆம் திகதி, முல்லைத்தீவு வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் வதிவிடப் பயிற்சிக்காகக் கூடியிருந்த மாணவிகள் மீது விமானப்படை குண்டுவீசியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசாங்கம். அவர்கள் பாடசாலை மாணவிகள் என்றது யுனிசெப். அங்கே சென்று பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு, இராணுவ நிலைக்கான அடையாளம் எதையும் தாம் காணவில்லை என்றது. முகாம் என்ற சொல்லின் பொருளைப் பற்றிப் பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருக்க, பிள்ளைகள் புதைக்கப்பட்டார்கள்.

2009 இல் செட்டிகுளம் மனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் கம்பிவேலிக்குள் வைக்கப்பட்டபோது அவற்றுக்கு நலன்புரி நிலையங்கள் என்று பெயரிட்டார்கள். மக்கள் முகாம் என்றே சொன்னார்கள். அது 2012 செப்டெம்பரிலேயே முழுமையாக மூடப்பட்டது.

அமெரிக்கச் சிறுவர்கள் போர்ச் சொல் ஒன்றை எடுத்து விளையாட்டுச் சொல்லாக்கினார்கள். எங்கள் நாட்டில் விளையாட்டுச் சொல்லைப் போர் எடுத்துக்கொண்டது.

சின்னம்மாவின் மூத்த மகன் 1996 இல் யாழ்ப்பாணத்தில் ஒரு சுற்றிவளைப்பின்போது பிடிக்கப்பட்டான். அவனுக்கு அப்போது இருபது வயது. அந்த ஆண்டில் குடாநாட்டில் அவ்வாறு காணாமற்போனோர் நூற்றுக்கணக்கானோர். சின்னம்மா மாதக்கணக்கில் ஒரு முகாமின் வாசலில் நின்றார். அப்படி ஒரு பெயர் பட்டியலில் இல்லை என்ற ஒரே பதிலே ஒவ்வொரு முறையும் கிடைத்தது.

ஒரு கையொப்பம்

நான் கனடாவை விட்டுப் புறப்படுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் முகாமின் பயண நாள். தங்கைக்கு வேலை முடியப் பிந்தும் என்பதால் மருமகனை அழைத்துவரச் சின்னம்மாவும் நானும் போனோம். பேருந்து நான்கு மணிக்கு வரவேண்டும். வரவில்லை. நெடுஞ்சாலையில் நெரிசல் என்றார்கள். மற்றத் தாய்மார் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி நின்றார்கள். சின்னம்மா எவரோடும் பேசவில்லை. அங்கே வாங்கு இருந்தும் அவர் உட்காரவில்லை. நிற்பதற்குப் பழகிய ஒருவரின் நிற்றல் அது.

நாற்பது நிமிடங்கள் கழித்துப் பேருந்து வந்தது. முதலில் இறங்கியவள் பதினெட்டு வயதுத் தமிழ்ப் பெண்ணொருத்தி. கையில் பெயர்ப் பட்டியல். ஒன்ராறியோவில் உயர்பாடசாலைக் கல்வியை முடிக்க ஒவ்வொரு மாணவரும் 40 மணிநேரம் சமூகப் பணி செய்யவேண்டும். அதற்காகத் தொண்டராக வந்தவள், இப்போது சம்பளத்துக்கு வேலை செய்வதாகப் பின்னர் சொன்னாள். ஒவ்வொரு பிள்ளையாக இறக்கி, பெயர் சொல்லி, அடையாளமிட்டு, உரியவரின் கையொப்பம் பெற்றே விட்டாள். மாமா என்று ஓடிவந்த மருமகனை என்னிடம் விட அவள் மறுத்துவிட்டாள். பட்டியலில் என்னுடைய பெயர் இல்லை. அம்மம்மாவின் பெயர் இருந்தது.

"அம்மம்மா, இதிலை ஒரு கையெழுத்துப் போடுங்கோ" என்றாள்.

சின்னம்மா பேனாவை வாங்கி, அந்தப் பெயர்களையெல்லாம் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு பேரனின் பெயருக்கு நேரே தமிழில் நிதானமாகக் கையொப்பமிட்டார். வீடு வரும்வரை அவனுடைய கையை விடவில்லை.

அவன் மறுநாளும் போனான். சின்னம்மாவுக்கு அந்தச் சொல் அதன் பிறகும் பிடித்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அன்று காலை அவனுடைய தண்ணீர்ப் போத்தலை நிரப்பி, தொப்பியை எடுத்து வைத்தவர் அவர்தான். "நாலு மணிக்கு நான் வந்து நிப்பன்" என்றார்.