ஏரியில் சிக்கும் அயல் மீன்: அடையாளமும் ஆதாரமும்

ஓர் ஏரியில் அயல் மீன் பிடிபட்டது என்ற செய்தியில் இரண்டு கூற்றுகள் அடங்கியுள்ளன. பிடிபட்டது இன்ன இனம் என்பது ஒன்று. அந்த இனம் அங்கே பெருகி நிலைத்துவிட்டது என்பது மற்றொன்று. முதலாவதை மெய்ப்பிக்க ஒரே மீன் போதும். இரண்டாவதற்கு ஒரு நாளில் எடுத்த எத்தனை படங்களும் போதா. உத்திரமேரூர் வட்டார ஏரிகளில் இந்த வேறுபாட்டுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அவை வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு வழிந்து, கோடையில் சுருங்குகின்றன. வலையில் விழுந்த மீன் அங்கேயே பிறந்ததா, மேல் ஏரியிலிருந்து வெள்ளத்தோடு வந்ததா, வீட்டுத் தொட்டியிலிருந்து கொட்டப்பட்டதா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது.

இனத்தை அறிவதில் முதல் இடறல் பெயர்தான். தேளி என்று நெடுங்காலமாக வழங்குவது ஹெட்டிரோநியூஸ்டெஸ் ஃபாசிலிஸ் என்ற நாட்டு மீன். ஆப்பிரிக்கக் கெளுத்தியும் சந்தையில் அதே பெயரில் விலைபோவதுண்டு. அதன் வளர்ப்பு 2000ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டிருப்பதால், விற்பவர் சொல்லும் பெயர் சான்றாகாது. முதுகைப் பார்த்தால் இந்தக் குழப்பம் தீரும். நாட்டுத் தேளியின் முதுகுத் துடுப்பு 6 முதல் 8 கதிர்களே கொண்ட சிறு விசிறி. ஆப்பிரிக்கக் கெளுத்தியில் அது தலைக்குப் பின்னிருந்து வாலை நோக்கி நீண்டு ஓடும். ஆனால் மாகூர் என்ற நாட்டு மீனுக்கும் அதே நீண்ட துடுப்பு உண்டு. அதனோடு ஒப்பிட முதல் செவுள் வளைவைத் திறந்து, சீப்புப்பல் போல் நிற்கும் முட்களை எண்ண வேண்டும். மாகூரில் அவை ஏறத்தாழ 20. வளர்ந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியில் 100 வரை செல்லும். செவுளை மூடி எடுத்த படத்தில் இந்த எண்ணிக்கை கிடைக்காது.

தொட்டி மீன் கடைகளில் டேங்க் கிளீனர் எனப்படும் சக்கர் மீனின் நிலை வேறு. எலும்புத் தகடு போர்த்த உடலும் அடிப்பக்க உறிஞ்சு வாயும் கொண்ட இக்குடும்பத்தில் இந்தியாவுக்குரிய இனம் ஒன்றுகூட இல்லை. எனவே தெளிவான ஒரு படமே அதை அயல் மீன் என்று காட்டிவிடும். முதுகுத் துடுப்பில் 9க்கு மேற்பட்ட கதிர்கள் இருந்தால் டெரிகோப்ளிக்திஸ் பேரினம் என்றும் சொல்லலாம். அதற்கு மேல் இனத்தைப் பிரிப்பது வயிற்றுப் புள்ளிகளைக் கொண்டுதான். கலப்பினங்களில் அந்தப் புள்ளிகளும் ஏமாற்றும். இதற்கு நேர்மாறாக, பிரானா என்று பரபரப்பாகும் மீன் பெரும்பாலும் ரூப்சந்த் என விற்கப்படும் பக்கு. பிரானாவின் பற்கள் கத்திமுனை போன்ற முக்கோணங்கள். பக்குவின் பற்கள் கடைவாய்ப் பல் போலத் தட்டையானவை. ஆக, ஒவ்வோர் இனத்துக்கும் தேவைப்படும் ஆதாரத்தின் அளவு வேறு.

ஐயம் தீராதபோது மீனையே காக்க வேண்டும். ஃபார்மலின் மரபணுவைச் சிதைக்கும் என்பதால், முதலில் துடுப்பில் ஒரு துண்டை வெட்டி எத்தனாலில் இட்டு, பிறகே உடலை ஃபார்மலினில் பதப்படுத்துவது முறை. பிடித்த நாள், ஏரி, வலை, நீளம் ஆகிய குறிப்புகளுடன் அதைச் சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் அளவைத் துறையின் தென்மண்டல மையம் போன்ற இடத்தில் ஒப்படைத்தால், பின்னர் ஐயுறுபவரும் அதை எடுத்துப் பார்க்கலாம்.

நிலைபேற்றுக்கு மூன்று அறிகுறிகள் உண்டு: பல அளவுக் குஞ்சுகள், சினை முதிர்ந்த பெண் மீன்கள், அடுத்தடுத்த ஆண்டுகளில் மீண்டும் தென்படுதல். இவற்றைத் தேட ஏற்ற காலம் நீர் வற்றும் கோடை. சக்கர் மீன் ஈரக் கரையில் வளை தோண்டும். மண்கரை ஏரிகளில் அந்த வளைகளும் தேடத்தக்கவை. ஆப்பிரிக்கக் கெளுத்தி காற்றைச் சுவாசித்துச் சேற்றில் தங்கக்கூடியது என்பதால், ஏரி வறண்டதைக் கொண்டு மட்டும் அது அழிந்ததாக முடிவுகட்டலாகாது.

தகவல் வராததும் இன்மைக்குச் சான்றல்ல. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா இன்று ஜிலேபிக் கெண்டை என்ற பெயரில் வீட்டுக் குழம்பில் கொதிக்கிறது. அது வலையில் விழுந்ததாக எவரும் தகவல் தருவதில்லை. புதிதாகத் தோன்றும் மீனை மட்டுமே மக்கள் அறிவிப்பதால், வந்த தகவல்களைச் சரிபார்ப்பதோடு வலையில் விழும் எல்லா மீனையும் அவ்வப்போது கணக்கெடுப்பதும் தேவையாகிறது.