ஓடுபாதையும் கோல் கம்பமும்: தாராபுரத்துக்கு ஏற்ற கால்பந்து மைதானம் எது?

1. ஆய்வுப் பொருள்

சட்டமன்றத் தொகுதிதோறும் ஒரு சிறு விளையாட்டரங்கம் என்பது தமிழக அரசின் திட்டம். அரங்கு என்றதும் நம் மனத்தில் எழுவது ஒரே வடிவம்: நடுவில் புல்தரை, அதைச் சுற்றி 400 மீட்டர் ஓடுபாதை, அதற்கும் வெளியே கேலரி. மாநகரங்களில் வேரூன்றிவிட்ட இந்த வடிவம் தாராபுரம் போன்ற வட்டத் தலைநகருக்கும் பொருந்துமா என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி. அளவுகள், கோவையின் அனுபவம், தாராபுரத்தின் இயற்கை ஆகிய மூன்றையும் கொண்டு விடை தேடலாம்.

2. அளவுகள் சொல்வது

2.1 பார்வைத் தொலைவு: கால்பந்துக் களம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 8 தடங்கள் கொண்ட ஓடுபாதை அதைச் சூழ்ந்தால், பக்கவாட்டுக் கேலரி கோட்டிலிருந்து 12 மீட்டருக்கு அப்பால் போகும். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருப்பவரோ ஏறக்குறைய 36 மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். களத்தின் மூலைக்கும் ஓடுபாதைக்கும் இடையே ஒரு மீட்டர்கூட மிஞ்சாது. கார்னர் அடிப்பவர் ஓடுபாதையில் கால் வைத்துத்தான் ஓடிவர வேண்டியிருக்கும்.

இத்தாலியின் டூரின் நகரில் 1990 உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்ட டெல்லே ஆல்பி அரங்கில் இதே குறை இருந்தது. யுவென்டஸ் கிளப் அதை இடித்துவிட்டு, அதே இடத்தில் ஓடுபாதை இல்லாத அரங்கை 2011இல் திறந்தது.

2.2 நிலம்: சுற்றிலும் 3 மீட்டர் விட்டாலும் கால்பந்துக் களத்துக்கு 2 ஏக்கருக்குச் சற்றே அதிக இடம் போதும். ஓடுபாதையும் சேர்ந்தால், கேலரி இல்லாமலே, 4 ஏக்கர் தேவை. ஓர் ஓடுபாதை அரங்கு கேட்கும் நிலத்தில் இரண்டு மைதானங்கள் அடங்கும்.

3. கோவைச் சான்று

கொங்கு நாட்டுக் கால்பந்தின் உச்சத்தைக் கண்டது கோவை நேரு விளையாட்டரங்கம். சென்னை சிட்டி எஃப்.சி. என்ற கால்பந்துக் கிளப் 2017–18 பருவத்தில் கோவைக்கு இடம்பெயர்ந்தது. 2019 மார்ச் 9 அன்று இந்த அரங்கில் மினர்வா பஞ்சாபை 3–1 என வென்று இந்தியக் கால்பந்துத் தொடரான ஐ-லீக்கின் பட்டத்தைக் கைப்பற்றியது. பெட்ரோ மான்சி ஒரு கோலும் கௌரவ் போரா இரண்டு கோல்களும் அடித்தனர். பட்டியலில் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி பின்தங்கியது. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழகக் கிளப் என்ற பெருமை கோவை மண்ணில் கிட்டியது.

2020–21 பருவத்துக்குப் பிறகு அந்தக் கிளப் ஐ-லீக்கில் ஆடவில்லை. அரங்கு இன்றும் நிற்கிறது. பெரிய அரங்கு ஒரு நாள் கொண்டாட்டத்துக்கு இடம் தரும். கால்பந்தைத் தலைமுறை தலைமுறையாக நிலைநிறுத்த, மாலைதோறும் பிள்ளைகள் இறங்கி ஆடும் ஊர் மைதானங்கள் வேண்டும். தாராபுரத்துச் சிறுவன் தினமும் பயிற்சிக்காக ஏறக்குறைய 80 கிலோமீட்டர் கடந்து கோவைக்குப் போக முடியாது.

4. தாராபுரத்தின் சூழல்

4.1 காற்றும் வெயிலும்: பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று இந்த வட்டாரத்தில் காற்றாலைகளையே சுழற்றுகிறது. மாலை வெயில் கோல்கீப்பரின் கண்ணில் அடிக்காமலிருக்கக் களம் வடக்கு–தெற்காக நீள வேண்டும். அப்படி அமைத்தால் ஆடிக் காற்று களத்தைக் குறுக்கே வெட்டி, உயரப் போகும் பந்தைத் திசை திருப்பும். மேற்கு ஓரத்தில் மண்மேடு எழுப்பி, அதன் மேல் வேம்பும் புங்கனும் வரிசையாக நட்டால் காற்று தணியும். பார்ப்பவர்களுக்கு உட்கார இடமும் நிழலும் ஒன்றாகவே கிடைக்கும்.

4.2 தண்ணீர்: தாராபுரம் மழை மறைவுப் பகுதி. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் பாய்ச்சுவதாகக் கொண்டால், களத்துக்கு ஏறக்குறைய 35,000 லிட்டர் வேண்டும். அது 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் மூன்று. குடிநீருக்கே கோடையில் திண்டாடும் மக்களிடம் புல்லுக்காக இதைக் கேட்பது நியாயமாகாது. செயற்கைப் புல் தண்ணீரை மிச்சப்படுத்தினாலும் சித்திரை வெயிலில் கடுமையாகச் சூடேறும். சுத்திகரித்த கழிவுநீரும் வறட்சியைத் தாங்கும் அருகம்புல் வகையுமே இங்கு நடைமுறைக்கு ஏற்றவை.

5. முடிவுகள்

(அ) தடகளமும் தழைக்க வேண்டும். அதற்கு மாவட்டத்துக்கு ஒரு தரமான செயற்கை ஓடுபாதை இருக்கட்டும்.

(ஆ) வட்டத் தலைநகரங்களில் ஓடுபாதையைத் தவிர்த்து, கிடைக்கும் நிலத்தைக் கால்பந்துக் களங்களுக்கே ஒதுக்க வேண்டும்.

(இ) சிமென்ட் கேலரிக்கு ஆகும் செலவை வடிகால், விளக்கு, கழிப்பறை, பெண்களுக்கான உடை மாற்றும் அறை ஆகியவற்றுக்குத் திருப்ப வேண்டும். இவை இல்லாததால்தான் பல பெண் பிள்ளைகள் மைதானத்துக்கு வருவதில்லை.

(ஈ) மைதானத்தின் தரத்தை இருக்கைகளின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. வாரத்தில் எத்தனை மணி நேரம் அதன் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பதே அளவுகோல். திட்ட அறிக்கையிலேயே அந்த நேரத்தை எழுதி, அதைக் காக்கும் பொறுப்பை நகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும்.