தூக்கிச் செல்லும் கேட்புக் கருவிகள்: பழுதும் பற்றரியும்

சிறு வானொலிப் பெட்டி, கசற் பெட்டி, கையடக்க ஹெட்போன் பெருக்கி ஆகிய மூன்றும் வெளித்தோற்றத்தில் வேறானவை. உள்ளே மூன்றிலும் மெல்லிய ஒலிச்சைகையைக் காதுக்கு எட்டும் அளவுக்கு உயர்த்தும் பெருக்கிச் சுற்று ஒன்றும், அதற்கு மின் கொடுக்கும் மின்கலமும் இருக்கின்றன. பெருக்கியின் மேல் சுமத்தப்படும் பழுதுகளில் பல, உண்மையில் மின்கலத்தினதோ அது தொடும் தகட்டினதோ குற்றங்கள். மின்சாரமும் புதிய பற்றரியும் இன்றி ஆண்டுக்கணக்கில் வானொலி கேட்ட 1990களின் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் இதை ஏட்டில் படிக்காமல் காதாலேயே கற்றார்கள். குடாநாட்டின் வடகரை ஊரான கீரிமலையையும் அதன் மக்களையும் முன்வைத்து அந்த அனுபவமும், இன்றைய ஹெட்போன் பெருக்கிகளின் பழுதறிதலும் இங்கே தரப்படுகின்றன.

இடமும் காலமும்

கீரிமலை வலிகாமம் வடக்கில், காங்கேசன்துறைக்கு மேற்கே கடலை ஒட்டி அமைந்தது. நகுலேஸ்வரம் கோயிலும், கடலுக்கு ஒரு சுவர் தள்ளி நன்னீர் ஊறும் கேணியும், ஆடி அமாவாசைப் பிதிர்க்கடனும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது பலாலிப் படைத்தளத்தைச் சூழ்ந்த ஊர்கள் வெறுமையாகின, கீரிமலையாரும் இடம்பெயர்ந்தனர். அப்பகுதி பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. எனவே கீரிமலையாரின் அக்கால வானொலிக் கதை கீரிமலையில் நடந்ததல்ல. அவ்வூரவர் போய்த் தங்கிய மல்லாகம், சுன்னாகம் முதலிய இடங்களின் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் நடந்தது.

அதே ஆண்டில் குடாநாட்டின் பொது மின்வழங்கல் நின்றது. அரசு விதித்த பொருளாதாரத் தடையில் பெற்றோல், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு பற்றரியும் இருந்தது. மண்ணெண்ணெய் அரிதாகி, யாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சும் வைத்த விளக்குகளே இரவு வெளிச்சம் ஆயின. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாம மக்கள் ஏறத்தாழ முழுவதும் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தபோது பலர் சைக்கிளில் ஏற்றிய சொற்பப் பொருள்களுள் வானொலிப் பெட்டியும் இருந்தது. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்பாட்டைத் தொடர்ந்து ஏப்ரலில் ஏ9 வீதி திறந்த பிறகே தரைவழிச் சரக்கு ஓரளவு தாராளமாக வந்தது.

பத்திரிகைகளே தாளுக்குத் தவித்த காலத்தில் வானொலிதான் செய்தி. பிபிசி தமிழோசை, பிலிப்பைன்ஸிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ்ப் பணி, திருச்சி வானொலி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், 1990 நவம்பரில் தொடங்கிய புலிகளின் குரல் என ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து வைத்து, அந்நேரத்துக்கு மட்டும் பெட்டியைத் திறந்தார்கள். தமிழோசையின் ஆனந்தி சூரியப்பிரகாசத்தின் குரலைக் கேட்க ஒரு வளவுக்குப் பல வீட்டார் கூடுவது வழக்கம். பாட்டுக்குப் பற்றரி செலவிடுவது ஊதாரித்தனம் என்று வீட்டுப் பெரியவர்கள் கருதினர்; கணக்குப்படி அவர்கள் சொன்னதில் தவறில்லை. அக்காலச் சிறு வானொலிகளின் பெருக்கி, ஒலி கூடக்கூட மின்னோட்டத்தையும் கூட்டி இழுக்கும் வகையானது. அவற்றில் பெரிதும் பயன்பட்ட டி.டி.ஏ. 2822 எம் என்னும் சில்லு, ஒலியில்லாதபோது ஏறத்தாழ 6 மில்லியம்பியரே எடுக்கும். ஒலிவாயியை உரக்க முழங்க விட்டால் அது பல மடங்காகும். ஒற்றைக் காதுக்கருவியைச் செருகிக் கேட்டவருக்கு அதே மின்கலம் நீண்ட நாள் உழைத்தது. கேட்பது என்ன நிலையம் என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியாமலிருந்தது மேலதிக ஆதாயம்.

செத்த பற்றரியை எழுப்புதல்

அக்கால வானொலிகளில் இருந்தவை பெரும்பாலும் நாக–காபன் உலர் மின்கலங்கள். ஜோர்ஜ் லெக்லாஞ்சே 1866இல் அமைத்த ஈர மின்கலத்தின் உலர்ந்த வழித்தோன்றல் இது. நாகத்தாலான கிண்ணம் எதிர்முனை; நடுவே காபன் கோல்; அதைச் சூழ மங்கனீசு ஈரொட்சைட்டும் காபன் தூளும்; இடையில் நவச்சாரக் கரைசல் ஊறிய பசை. புதிய மின்கலம் 1.5 வோல்ற்று தரும்.

செத்ததாகத் தோன்றும் இவ்வகை மின்கலம் உண்மையில் முழுதும் தீர்ந்திருப்பதில்லை. பசை காய்ந்தும், வேதிவிளைவுகள் கோலைச் சுற்றித் தேங்கியும் அதன் அகத்தடை உயர்ந்திருக்கும். ஓய்வு கொடுத்தால் தேக்கம் சற்றுப் பரவி, மறுநாள் சில நிமிடம் உழைக்கும். வெயிலில் காயவைத்தால் சூட்டில் அகத்தடை குறையும். முற்றத்தில் பற்றரிகளை வரிசையாக அடுக்கி வைத்ததன் பின்னால் இருந்த இரசாயனம் இவ்வளவுதான். ஆணியால் துளையிட்டு உப்புநீர் விட்டு மெழுகால் அடைக்கும் முறை ஒரு படி மேலானது. காய்ந்த பசை மீண்டும் நனைகிறது. கரைந்துபோன நாகம் இந்த மூன்று வைத்தியத்தாலும் திரும்பாது. கிண்ணம் ஓட்டையாகி வடிந்த உப்புக்கரைசல் வானொலியின் தகட்டையும் சுற்றுப்பலகையையும் அரித்ததை இம்முறையின் புகழ் பாடுவோர் சொல்வது குறைவு. பற்றரியை வெளியே ஒரு பெட்டியில் வைத்து, வயரால் வானொலிக்குத் தொடுத்தவர்களே கெட்டிக்காரர். கசிவு பெட்டியோடு நின்றது. இரண்டு மின்கலம் போதிய இடத்தில் நான்கு பழையவற்றைத் தொடராக அடுக்கவும் முடிந்தது.

இவை நாக–காபன் கலத்துக்கு மட்டும் பொருந்துவன. அல்கலைன் மின்கலத்தின் உள்ளே இருப்பது தோலையும் கண்ணையும் எரிக்கும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. லிதியம் கலத்தைத் துளைத்தால் தீப்பிடிக்கும். அந்நாள் கைமுறையை இந்நாள் பற்றரியில் காட்டக் கூடாது.

சைக்கிள் டைனமோ

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, பின்சில்லோடு உரசும் டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் எடுத்தது தடைக்காலத்தின் மிகப் பரவலான உத்தி. ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். செய்தி முடியுமட்டும் ஆள் மாறும்.

சைக்கிள் டைனமோவின் அளவு 6 வோல்ற்று, 3 உவாற்று. அது தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். நான்கு டயோட்டுகளால் ஒரு சீராக்கியும், அதன் பின் ஒரு பெரிய கொள்ளளவியும் தேவை. இந்த அமைப்பின் கோளாறுகளில் இரண்டு விளக்கமாகச் சொல்லத் தக்கவை.

ஒன்று இரைச்சல். டைனமோவின் உருளை சில்லின் ஓரத்தில் உருள்வதால், சில்லு ஒருமுறை சுற்றுவதற்குள் அது பலமுறை சுற்றிவிடும். சாதாரண ஓட்ட வேகத்தில் அதன் ஆடலோட்டம் செக்கனுக்கு இருநூறு சுற்றுக்கும் மேற்பட்ட அதிர்வெண் கொண்டது. சீராக்கிய பின் அது இரட்டிக்கும். ஆகவே போதாத கொள்ளளவி இருந்தால் வானொலியில் கேட்பது வீட்டு மின்சாரத்தின் தடித்த உறுமல் அல்ல. சுற்றும் வேகத்தோடு சுருதி ஏறி இறங்கும் ரீங்காரம். கை தளரும்போது ரீங்காரமும் தாழ்ந்தால் குற்றம் மின்னூட்டத்தில். மாறாமல் இருந்தால் குற்றம் நிலையத்தின் அலையிலோ பெட்டியிலோ. மீற்றர் எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய இதைவிடத் தெளிவான சோதனை வேறொன்று எளிதில் அகப்படாது.

மற்றது கருகல். 6 வோல்ற்று என்பது விளக்கு பொருத்தியிருக்கும்போது உள்ள அளவு. விளக்கைக் கழற்றி, சொற்ப மின்னோட்டமே எடுக்கும் வானொலியை மட்டும் தொடுத்து வேகமாகச் சுற்றினால் டைனமோவின் வோல்ற்றளவு பல மடங்கு ஏறும். 3 வோல்ற்றுப் பெட்டி அதைத் தாங்காது. சைக்கிள் விளக்கைக் கழற்றாமல் சுற்றோடு விட்டாலே ஆபத்து பெரிதும் குறையும். பலம் குன்றிய பற்றரிகளைச் சமாந்தரமாகத் தொடுத்தாலும் அவை மேல்மிச்சத்தை ஓரளவு உறிஞ்சி, கை மாறும் இடைவெளியில் பெட்டி அணையாமல் தாங்கும். கசற் பெட்டிக்கு இது இன்னும் அவசியம். அதன் மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு ஒரு வோல்ற்றளவுக்குக் கீழே கைவிட்டுவிடும். பாடகரின் குரல் இழுபட்டுத் தொங்கும்.

இன்றைய ஹெட்போன் பெருக்கி

கைபேசிக்கும் ஹெட்போனுக்கும் இடையில் வைக்கும் கையடக்கப் பெருக்கி பொழுதுபோக்கு மின்னணுவியலார் கையில் வளர்ந்தது. சூ மோய் என்பவர் 1990களின் இறுதியில் வெளியிட்ட, மிட்டாய்த் தகரத்துக்குள் அடங்கும் எளிய சுற்று இதில் பெரும்புகழ் பெற்றது. ஒரு 9 வோல்ற்றுப் பற்றரி, இரட்டைச் செயற்பாட்டுப் பெருக்கிச் சில்லு ஒன்று, சில தடையிகள், கொள்ளளவிகள்: அவ்வளவே அதன் உறுப்புகள். இப்போது கடையில் வாங்கும் கருவிகள் பெரும்பாலும் மீள்மின்னேற்றும் லிதியம் கலத்தில் ஓடுகின்றன.

முறையீடுகளில் முதலாவது, உரத்த இடத்தில் ஒலி உடைவது. மெல்லிய வீணை தெளிவாகக் கேட்டு, தவில் விழும்போது மட்டும் கரகரத்தால் பற்றரியைச் சந்தேகிக்க வேண்டும். பெருக்கி கேட்கும் மின்னோட்டம் திடீரென உயர, அகத்தடை மிகுந்த மின்கலத்தின் வோல்ற்றளவு அக்கணத்தில் சரிகிறது. அலையின் உச்சிகள் வெட்டுப்படுகின்றன. மீற்றரை நேரே மின்கலத்தில் வைத்துப் பார்த்து நல்லது என்று முடிவுகட்டுவது இங்கே அடிக்கடி நேரும் பிழை. மீற்றர் ஏறத்தாழ மின்னோட்டம் எடுப்பதேயில்லை. சாகக் கிடக்கும் மின்கலமும் அதற்கு 1.4 வோல்ற்று காட்டும். ஒரு ரோச் பல்பைக் குறுக்கே தொடுத்து எரியவிட்டபடியே அளக்க வேண்டும். நல்ல மின்கலம் சற்றே இறங்கி நிற்கும். கெட்டது 1 வோல்ற்றுக்கும் கீழே விழும்.

9 வோல்ற்று என்று விற்கப்படும் மீள்மின்னேற்றும் நிக்கல் பற்றரிகளில் பல, உள்ளே ஏழு கலம் கொண்ட 8.4 வோல்ற்று அல்லது ஆறு கலம் கொண்ட 7.2 வோல்ற்று வகைகள். கொள்திறனும் அல்கலைனைவிட மிகக் குறைவு. பெருக்கி முன்போல் உழைக்கவில்லை என்று கொண்டுவரப்படுவனவற்றில் பற்றரி மாற்றிய கதை ஒன்று இருக்கிறதா என்று முதலில் கேட்பது நல்லது.

இரண்டாவது, இயந்திரப் படகு போவது போன்ற பட படச் சத்தம். இதுவும் பெரும்பாலும் அகத்தடையின் வேலைதான். ஒலியோடு ஏறி இறங்கும் வோல்ற்றளவு சுற்றின் முற்பகுதிக்குத் திரும்பிப் போய் மீண்டும் பெருக்கப்படுகிறது. புதிய மின்கலம் இட்டதும் நின்றால் காரணம் தெளிவு. நிற்காவிட்டால் மின்வழியின் குறுக்கே உள்ள கொள்ளளவி உலர்ந்துவிட்டது. 470 மைக்ரோபரட்டு அளவில் புதியதொன்றை மாற்றிப் பற்றவைக்கலாம்.

ஒற்றை 9 வோல்ற்றை இரண்டு தடையிகளால் நடுவே பிரிக்கும் சூ மோய் வகையில் மூன்றாவது கோளாறு ஒன்று உண்டு. 32 ஓம் போன்ற தாழ்ந்த தடையுள்ள ஹெட்போன் இழுக்கும் மின்னோட்டத்தால் அந்த நடுப்புள்ளி ஒருபக்கம் சாயும். ஹெட்போனுக்கு இடைவிடாத நேரோட்டமும் போகக்கூடும். செருகும்போது கேட்கும் பெரிய அடி அதன் அடையாளம். வெளிவாயில் சில பத்து மில்லிவோல்ற்றுக்கு மேல் நேரோட்ட வோல்ற்றளவு இருந்தால் அப்பெருக்கியை நல்ல ஹெட்போனுக்குப் பொருத்தக் கூடாது.

மின்னேற்றிக்கொண்டே கேட்கும்போது மட்டும் வரும் உறுமல் பெருக்கியின் பழுதல்ல. வயரைக் கழற்றியதும் அது மறைந்தால் காரணம் மலிந்த மின்னேற்றி, அல்லது கணினிக்கும் பெருக்கிக்கும் இடையே உண்டான நிலத் தொடுப்பு வளையம். மின்னேற்றி முடித்துவிட்டுக் கேட்பதே செலவில்லாத தீர்வு. ஓயாத மெல்லிய சீறல், காதுக்குள் செருகும் கூருணர்வுக் கருவிக்குப் பெருக்கம் அளவுக்கு மிஞ்சியிருப்பதால் வருவது. எத்தனை பற்றரி மாற்றினாலும் போகாது. ஒலித்திருகியைத் திருப்பும்போது கரகரத்தால் தூசு. துப்புரவு செய்தும் சில நாளில் திரும்பினால் உள்வழிக் கொள்ளளவி நேரோட்டத்தைக் கசிய விடுகிறது.

கடற்காற்று

கீரிமலை போன்ற கரையோர ஊர்களில் மேற்சொன்ன எல்லாவற்றுக்கும் முந்தியது தகடு அரிப்பு. காற்றோடு வரும் உப்புத்துளி பற்றரிச் சுருளின் நிக்கல் பூச்சைத் தின்று, கீழுள்ள உலோகத்தைத் துருவாக்கும். பச்சையாகப் படிவது செம்பின் உப்பு. அரித்த தகடும் ஒரு தடைதான். புதிய மின்கலம் இட்டும் ஒலி உடைவதற்கு அதுவே போதும். பற்றரியை விரலால் அழுத்திச் சுழற்றும்போது ஒலி திரும்பி வந்தால் கோளாறு தகட்டில். ஹெட்போன் முனையைச் சுழற்றும்போது ஒரு காது திரும்பி வந்தால் செருகுவாயில்.

துப்புரவு முறை கசிந்தது எது என்பதைப் பொறுத்தது. அல்கலைன் கசிவின் வெண்படிவு காரமானது: தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ தொட்ட பஞ்சால் துடைக்கலாம். நாக–காபன் கசிவு அமிலப் பக்கம்: அப்பச்சோடா கரைத்த நீர் வேண்டும். எல்லாவற்றுக்கும் தேசிக்காயே போதும் என்ற நம்பிக்கை பரவலானது, ஆனால் பாதியே சரி. எதைப் பூசினாலும் பின்னர் ஸ்பிரிற்றால் துடைத்து முழுதாக உலரவிட வேண்டும். எஞ்சிய சாறும் தகட்டை அரிக்கும். பயன்படுத்தாத கருவியிலிருந்து மின்கலத்தைக் கழற்றி வைப்பதும், மூடியுள்ள போத்தலில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சேமிப்பதும் கரையோரத்தில் ஆண்டுக்கணக்கில் ஆயுள் கூட்டும்.

லிதியம் கலம்

சாதாரணமாக 3.7 வோல்ற்று என்று குறிக்கப்படும் லிதியம் கலம் நிறையும்போது 4.2 வோல்ற்றில் நிற்கும். ஏறத்தாழ 3 வோல்ற்றை நெருங்கும்போது அல்லது அதற்குக் கீழே அதன் காப்புச்சுற்று வெளிவழியை அடைத்துவிடும். மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்த பெருக்கி ஒளியும் ஒலியும் இன்றி இறந்ததாகத் தோன்றுவதற்கு இதுவே வழக்கமான காரணம். உரிய மின்னேற்றியில் சில மணி நேரம் விட்டால் அடைப்பு நீங்கக்கூடும். நீங்காவிட்டால் கலத்தை மாற்றவேண்டும். காப்புச்சுற்றைத் தாண்டி நேரே மின்னேற்றக் கூடாது. நீண்டநாள் சேமிப்புக்கு அரைவாசி மின்னேற்றமே நல்லது. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விடப்பட்ட கலம் விரைவில் முதுமையடையும். கலம் உப்பி மூடியைத் தள்ளினால் கருவியை அணைத்து, மீண்டும் மின்னேற்றாமல், கலத்தை அழுத்தாமல் கழற்றித் தனியே, எரியாத ஏனத்தில் வைக்க வேண்டும். வீட்டுக் குப்பையோடு எரிக்கவோ கிணற்றடியில் புதைக்கவோ கூடாது. சுண்ணக்கல் நிலத்தில் நிலத்தடி நீரையே குடிக்கும் குடாநாட்டில் பழைய பற்றரி மண்ணில் கசிவது அயல்வீட்டுக் கிணற்றையும் பாதிக்கும்.